மினரல் வாட்டர் குடித்தால் உடம்புக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மினரல் வாட்டர் நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. ஒரு பாட்டிலில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். பக்கத்திலேயே நிற்கும் இன்னொன்றில் அது 500 மில்லிகிராமைத் தாண்டும். இரண்டுமே மினரல் வாட்டர்தான். குடிப்பவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திடமான இளைஞருக்கு எந்தக் கெடுதலும் செய்யாத தண்ணீர், கைக்குழந்தையின் பால்பவுடரில் கலக்கவே கூடாததாக இருக்கலாம்.

கடையில் விற்கும் எல்லா பாட்டில் தண்ணீரும் மினரல் வாட்டர்தானா?

இல்லை. மாசு புகாமல் பாதுகாக்கப்பட்ட நிலத்தடி ஊற்றிலிருந்தோ ஆழ்துளையிலிருந்தோ எடுத்து, இயல்பான கனிமங்கள் மாறாமல் அடைப்பதுதான் இயற்கை கனிம நீர். பாறை இடுக்குகளில் பல ஆண்டுகள் ஊறி வரும்போது அந்தப் பாறையில் உள்ள உப்புகள் தண்ணீரில் கரைகின்றன. சுண்ணாம்புப் பாறை என்றால் கால்சியம், டோலமைட் என்றால் கால்சியத்தோடு மெக்னீசியம், ஜிப்சம் என்றால் சல்பேட். ஆகவே ஊருக்கு ஊர், ஊற்றுக்கு ஊற்று தண்ணீர் வேறுபடும்.

அமெரிக்க விதிப்படி லிட்டருக்குக் குறைந்தது 250 மி.கி. கரைந்த உப்பு இருந்தால்தான் மினரல் வாட்டர் என்று விற்கலாம். வெளியிலிருந்து கனிமம் சேர்க்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படிக் கீழ்வரம்பு இல்லை. ஆனால் ஊற்றில் உள்ள சேர்மானம் நிலையாக இருக்க வேண்டும், கிருமிநீக்கம் செய்யக் கூடாது.

சாதாரணத் தண்ணீரை ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டி, சில சமயம் கொஞ்சம் உப்பு சேர்த்து அடைப்பது வேறு வகை. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ்கூட இரண்டுக்கும் தனித்தனித் தரநிலை வைத்திருக்கிறது. பேச்சுவழக்கில் இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் "மினரல் வாட்டரில் சத்து இருக்கிறதா" என்ற கேள்வியே குழம்பிப் போகிறது. வடிகட்டி அடைத்த தண்ணீரில் பெரும்பாலும் சொல்லிக்கொள்ளும்படி கனிமம் இருக்காது.

லேபிளில் எதைப் பார்ப்பது?

பெயரையும் மலைப் படத்தையும் விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் அட்டவணைக்குப் போங்கள். எல்லாம் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட், சல்பேட், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றைப் பாருங்கள். மொத்த உப்பு எவ்வளவு என்பதை டிடிஎஸ் என்றோ உலர் எச்சம் என்றோ போட்டிருப்பார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஐரோப்பிய விதிகள் வசதியாக இருக்கும். அங்கே கால்சியம் 150, மெக்னீசியம் 50, பைகார்பனேட் 600, சல்பேட் 200 மி.கி.யைத் தாண்டினால்தான் அது நிறைந்த தண்ணீர் என்று போட்டுக்கொள்ள முடியும். உப்பு குறைக்க வேண்டியவர்களுக்கு ஏற்றது என்று சொல்ல, சோடியம் 20 மி.கி.க்குள் இருக்க வேண்டும். மொத்த உப்பு 50 மி.கி.க்குள் இருந்தால் மிகக் குறைந்த கனிமம்; 1,500ஐத் தாண்டினால் கனிமச் செறிவு மிக்கது.

உலகப் புகழ்பெற்ற மூன்று தண்ணீர்களை வைத்துக் கணக்குப் போடலாம். ஜெர்மனியின் ஜெரோல்ஸ்டைனரில் லிட்டருக்குச் சுமார் 350 மி.கி. கால்சியம். ஒரு நாளில் ஒன்றரை லிட்டர் குடித்தால் 520 மி.கி.க்கு மேல் வந்துவிடும், அதாவது வளர்ந்த ஒருவரின் அன்றாடத் தேவையான 1,000 மி.கி.யில் பாதி. அதே ஒன்றரை லிட்டர் பிரான்சின் வோல்விக் என்றால் 20 மி.கி.கூடத் தேறாது. பிரான்சின் விஷி செலஸ்தென் என்றால் லிட்டருக்கு 1,100 மி.கி.க்கு மேல் சோடியம். ஒரு நாளைக்கு 2,000 மி.கி. சோடியத்துக்குள் நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாட்டில் கை வைக்கும் முன்பே அதில் பாதிக்கு மேல் ஒரு லிட்டர் தண்ணீரில் போய்விடுகிறது.

எலும்புக்கு நல்லதா?

கால்சியம் செறிந்த தண்ணீர் என்றால் நல்லதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தை உடல் பாலில் உள்ள கால்சியத்தைப் போலவே உறிஞ்சிக்கொள்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே மூச்சில் குடிப்பதைவிட நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் கூடுதலாகச் சேரும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பாலே தொடாதவர்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது நிஜமான உதவி. கலோரி கிடையாது, சர்க்கரை கிடையாது.

ஆனால் லிட்டருக்கு 30, 40 மி.கி. கால்சியம் உள்ள பாட்டிலை எலும்புக்காக வாங்குவதில் பயனில்லை.

மெக்னீசியம் இதயத்தைக் காக்கும் என்கிறார்களே?

இந்தப் பேச்சுக்கு வயது அதிகம். ஜப்பானில் ஜுன் கோபயாஷி என்ற ஆய்வாளர், ஆற்று நீரின் தன்மைக்கும் அந்தந்தப் பகுதியில் பக்கவாதத்தால் இறப்பவர்களின் எண்ணிக்கைக்கும் தொடர்பு இருப்பதாக 1957இல் எழுதினார். அதன்பின் பல நாடுகளில், கடினநீர், அதாவது கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த நீர் குடிக்கும் பகுதிகளில் இதய நோய் மரணம் சற்றுக் குறைவு என்று கண்டார்கள். கால்சியத்தைவிட மெக்னீசியத்துக்குத்தான் இதில் பங்கு அதிகம் என்று தெரிகிறது. இஸ்ரேலில் கடல்நீரைக் குடிநீராக்கி விநியோகிக்கத் தொடங்கிய பிறகு, அந்தத் தண்ணீரில் மெக்னீசியம் இல்லாதது மாரடைப்பு நோயாளிகளைப் பாதிக்கிறதா என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கவலையோடு ஆராய்ந்துவருகிறார்கள்.

இவை எல்லாம் ஊரையும் ஊரையும் ஒப்பிட்ட ஆய்வுகள். ஊருக்கு ஊர் உணவும் வருமானமும் மருத்துவ வசதியும்கூட மாறும். தண்ணீரை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பது கடினம். என் கருத்தில், மெக்னீசியம் உள்ள தண்ணீர் குடிப்பது நல்ல பழக்கம். இதய நோய்க்கு அதை மருந்தாக எண்ணி மாத்திரையைக் குறைப்பது ஆபத்து.

மலச்சிக்கல் தீருமா?

மெக்னீசியமும் சல்பேட்டும் சேர்ந்து அதிகமாக உள்ள தண்ணீர் என்றால், பலருக்குப் பலன் கிடைக்கும். இந்த இரண்டையும் குடல் முழுதாக உறிஞ்சுவதில்லை. உள்ளே தங்கிவிடும் உப்பு தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்வதால் மலம் இளகுகிறது. பேதி உப்பு வேலை செய்யும் விதமும் இதுவே.

பிரான்சின் எபார் என்ற தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 120 மி.கி. மெக்னீசியமும் 1,500 மி.கி. சல்பேட்டும் இருக்கின்றன. மலச்சிக்கல் உள்ள 244 பெண்களிடம் அதைச் சோதித்தார்கள். தினம் ஒரு லிட்டர் குடித்தவர்களுக்கு இரண்டாம் வாரத்தில்தான் நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஆகவே இரண்டு நாள் குடித்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிட வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. லிட்டருக்கு 1,000 மி.கி.க்கு மேல் சல்பேட் உள்ள தண்ணீர் பழக்கமில்லாதவருக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம். பயணத்தில் புது பிராண்டைக் குடித்து வயிறு இளகினால், கிருமி என்று முடிவுகட்டும் முன் லேபிளில் சல்பேட் எவ்வளவு என்று பாருங்கள்.

கால்சியம் உள்ள தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கல் வருமா?

அதிகம் பேர் பயப்படும் விஷயம் இது. பயம் பெரும்பாலும் திசைமாறிப் போய்விடுகிறது. கல் வராமல் தடுப்பதில் முதல் இடம் தண்ணீரின் அளவுக்கே. இத்தாலியில் 1996இல் வெளியான ஆய்வு ஒன்றில், முதல்முறை கல் வந்த 199 பேரை ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். தினம் இரண்டு லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி கல் வந்தது. அப்படி அறிவுறுத்தப்படாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு வந்தது.

கல்லில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். சாப்பாட்டோடு வரும் கால்சியம், உணவில் உள்ள ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். ஆகவே கால்சியம் நிறைந்த தண்ணீரைச் சாப்பாட்டு வேளையில் குடிப்பது நல்லது. வெறும் வயிற்றில் லிட்டர் கணக்கில் குடித்தால் சிறுநீரில் கால்சியம் கூடும், அதற்கு ஈடாக ஆக்சலேட் குறையாது. பைகார்பனேட் அதிகமுள்ள தண்ணீர் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து, கல்லைத் தடுக்கும் சிட்ரேட்டைக் கூட்டும். யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்கு இது உதவும். ஆனால் பாஸ்பேட் கல் உள்ளவர்களுக்கு அதே தண்ணீர் எதிராகப் போகும். எடுத்த கல்லை ஆய்வுக்கு அனுப்பி வகை தெரிந்துகொண்ட பிறகு தண்ணீரைத் தேர்ந்தெடுப்பதே சரி.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குடிக்கலாமா?

சோடியம் 20 மி.கி.க்குள் உள்ளது என்றால் யோசிக்கவே வேண்டாம். அதிகமாக இருந்தால் அந்தச் சோடியம் எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சமையல் உப்பில் சோடியம் குளோரைடோடு சேர்ந்திருக்கிறது. பல ஊற்று நீர்களில் பைகார்பனேட்டோடு. ஸ்பெயினில் மாதவிடாய் நின்ற பெண்களுக்குச் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரைத் தினம் ஒரு லிட்டர் வீதம் இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்ததில் ரத்த அழுத்தம் ஏறவில்லை, கெட்ட கொலஸ்ட்ரால் குறைந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு, பங்கேற்றவர்களும் ஆரோக்கியமானவர்கள். இதயச் செயலிழப்போ நாள்பட்ட சிறுநீரக நோயோ உள்ளவர்கள் அதை நம்பி இறங்கக் கூடாது. அவர்களுக்குச் சோடியம் சோடியம்தான்.

கைக்குழந்தையின் பால்பவுடரை மினரல் வாட்டரில் கலக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சுத்தமானது, விலை கூடியது, ஆகவே குழந்தைக்கு நல்லது என்று நினைத்துத்தான் பெற்றோர் இதைச் செய்கிறார்கள். பால்பவுடரிலேயே குழந்தைக்குத் தேவையான உப்புகள் அளந்து போடப்பட்டிருக்கின்றன. அதில் கனிமம் செறிந்த தண்ணீரை ஊற்றினால் அளவு தாண்டுகிறது. பிறந்து சில மாதமே ஆன சிறுநீரகத்தால் அந்த உப்பை வெளியேற்ற முடியாது. சல்பேட் கூடினால் வயிற்றுப்போக்கு, அதனால் உடம்பில் நீர் வற்றுதல்.

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, பால்பவுடருக்குப் பாட்டில் தண்ணீரே பரிந்துரைப்பதில்லை. வேறு வழியே இல்லாதபோது சோடியம் லிட்டருக்கு 200 மி.கி.க்குக் கீழும், சல்பேட் 250 மி.கி.யைத் தாண்டாமலும் உள்ளதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஜெர்மனியில் குழந்தை உணவுக்கு ஏற்றது என்று லேபிளில் போட வேண்டுமானால் விதி இன்னும் கடுமை: சோடியம் 20, நைட்ரேட் 10 மி.கி.க்குள் இருக்க வேண்டும்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். மூடி பிரிக்காத பாட்டிலும் கிருமியற்றது அல்ல. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நீர் ஆவியாகப் போகப் போக உப்பின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

மாத்திரையை மினரல் வாட்டரில் விழுங்கலாமா?

பெரும்பாலான மாத்திரைகளுக்குத் தடையில்லை. ஆனால் சில மருந்துகள் கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் குடலிலேயே ஒட்டிக்கொண்டு, ரத்தத்துக்குள் போகாமல் வீணாகிவிடும்.

எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலென்ட்ரோனேட் முக்கியமான உதாரணம். காலையில் எதுவும் சாப்பிடும் முன், சாதாரணத் தண்ணீரில் மட்டும், மினரல் வாட்டரில் வேண்டாம் என்று அந்த மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. எலும்புக்காகக் கால்சியம் நிறைந்த தண்ணீர் குடிப்பவர்தான் இந்த மாத்திரையையும் எடுப்பார். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் மாத்திரையின் பலன் போய்விடும். டெட்ராசைக்ளின் வகை, சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும், தைராய்டுக்கான லெவோதைராக்சினும் இதே பட்டியலில் வரும். கனிமம் குறைந்த தண்ணீரில் விழுங்கிவிட்டு, செறிவான தண்ணீரைச் சில மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

கேஸ் அடைத்த மினரல் வாட்டர் பல்லையும் எலும்பையும் அரிக்குமா?

எலும்பை அரிக்காது. கோலா அதிகம் குடிக்கும் பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 2006இல் சொன்னார்கள். அதைக் கேட்டு எல்லா கேஸ் பானங்கள் மேலும் பழி விழுந்தது. அதே ஆய்வில் கோலா அல்லாத கேஸ் பானங்களுக்கு அந்தத் தொடர்பு தென்படவில்லை.

பல் விஷயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. அமிலத்தன்மையைக் காட்டும் அளவு பி.எச்.; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். கேஸ் தண்ணீரின் பி.எச். சுமார் 5, பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும் எல்லை சுமார் 5.5. ஆனால் கார்பானிக் அமிலம் மிகப் பலவீனமானது, தண்ணீரில் உள்ள கால்சியமும் பல்லுக்குத் துணை நிற்கிறது. குளிர்பானங்களோடு ஒப்பிட்டால் இதன் அரிப்பு நூறில் ஒரு பங்குதான் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. எலுமிச்சை போன்ற சுவை சேர்த்தது என்றால் கதை வேறு. சிட்ரிக் அமிலம் உண்மையிலேயே அரிக்கும்.

நெஞ்செரிச்சலும் வயிற்று உப்புசமும் உள்ளவர்களுக்குக் கேஸ் தொல்லை தரும். அவர்கள் கேஸ் இல்லாததைக் குடித்தால் போதும்.

நிலத்தடியிலிருந்து வருவதால் நச்சும் கரைந்து வருமே?

வரும். ஃபுளோரைடும் ஆர்சனிக்கும் பாறையிலிருந்தே வருபவை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1.5 மி.கி., ஆர்சனிக்குக்கு 10 மைக்ரோகிராம். ஃபுளோரைடு 1.5ஐத் தாண்டிய மினரல் வாட்டரை, கைக்குழந்தைகளும் 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் வழக்கமாகக் குடிக்க ஏற்றதல்ல என்று ஐரோப்பாவில் லேபிளில் எழுதியாக வேண்டும். பல் முளைக்கும் வயதில் ஃபுளோரைடு மிகுந்தால் எனாமலில் நிரந்தரமாகக் கறை படியும்.

ஆர்மீனியாவிலிருந்து இறக்குமதியான ஒரு மினரல் வாட்டரில் லிட்டருக்கு 500 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருப்பதாக 2007இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. தொழிற்சாலைத் தவறும் நடக்கும். கேஸைச் சுத்திகரிக்கும் வடிகட்டியைச் சரியாகப் பராமரிக்காததால் பிரான்சின் பெரியே மினரல் வாட்டர் பாட்டில்களில் பென்சீன் என்ற நச்சு கலந்து, 1990இல் உலகம் முழுக்கச் சுமார் 16 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். புகழ்பெற்ற பெயர் என்பதே உத்தரவாதம் ஆகாது. தொடர்ந்து சோதித்து முடிவை வெளியிடும் நிறுவனத்தின் தண்ணீரை நம்பலாம்.

பிளாஸ்டிக் துகள் உள்ளே போகுமா?

போகிறது. 2018இல் 11 பிராண்டுகளின் 259 பாட்டில்களைச் சோதித்தபோது 93 சதவீதத்தில் நுண்பிளாஸ்டிக் இருந்தது. 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமான கருவியால் எண்ணிப் பார்த்து, லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 துகள்கள் என்றார்கள். பத்தில் ஒன்பது நானோ அளவு, அதாவது நுண்பிளாஸ்டிக்கைவிடவும் பொடியானவை. மூடியைத் திருகித் திறந்து மூடும் உராய்விலேயே துகள் உதிர்கிறது. மினரல் வாட்டர் என்றில்லை, பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்த எந்தத் தண்ணீருக்கும் இது பொருந்தும்.

இதனால் இன்ன நோய் வரும் என்று அறுதியிட்டுச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஆதாரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தினமும் குடிப்பவர்கள் முடிந்தால் கண்ணாடி பாட்டிலுக்கு மாறலாம், ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலை மறுபடி நிரப்பாமல் இருக்கலாம்.

வெயிலில், காருக்குள் கிடந்த பாட்டில்?

பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் தயாரிப்பில் சேரும் ஆன்டிமனி என்ற தனிமம், சூடு ஏற ஏறத் தண்ணீரில் அதிகம் இறங்கும். ஒரு மதியம் கிடந்ததால் வரம்பு மீறிவிடாது. வாரக்கணக்கில் வெயிலில் அடுக்கிவைத்த பாட்டில்களை வாங்காதீர்கள். வாய் வைத்துக் குடித்த பாட்டிலைச் சூட்டில் வைத்தால் கிருமி பெருகும்; ஆன்டிமனியைவிட அதுதான் உடனடிக் கவலை.

கனிமமே இல்லாத தண்ணீர் கெடுதலா?

சாப்பாடு சரியாக இருந்தால் இல்லை. கால்சியமும் மெக்னீசியமும் பெரும்பகுதி உணவிலிருந்துதான் வருகின்றன. தண்ணீரின் பங்கு வழக்கமாக ஐந்தில் ஒன்றுக்குள்தான். ஏற்கெனவே சத்துக் குறைவாகச் சாப்பிடுபவருக்குத்தான் அந்தப் பங்கும் போவது இழப்பு.

காரத்தன்மையுள்ள மினரல் வாட்டர் ரத்தத்தை மாற்றுமா?

மாற்றாது. ரத்தத்தின் பி.எச்.ஐ 7.35க்கும் 7.45க்கும் இடையில் நுரையீரலும் சிறுநீரகமும் நிறுத்தி வைத்திருக்கின்றன. பைகார்பனேட் நிறைந்த தண்ணீர் வயிற்று அமிலத்தைச் சற்று நேரம் தணிக்கும், சிறுநீரை மாற்றும், அதோடு சரி. புற்றுநோயைத் தடுக்கும் என்று விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

யார் மருத்துவரிடம் கேட்காமல் குடிக்கவே கூடாது?

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள். இவர்களுக்குத் தண்ணீரின் அளவே கட்டுப்பாட்டில் இருக்கும். அதில் கரைந்துள்ள உப்பும் கணக்கில் சேர வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்தவர்களும் கீமோதெரபி எடுப்பவர்களும்கூடக் கேட்டுக்கொள்வது நல்லது. ஊற்று நீரில் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியா மற்றவர்களை ஒன்றும் செய்யாது, எதிர்ப்புசக்தி குன்றியவரைப் பாதிக்கலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது தினமும் குடிக்கும் பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பிராண்டின் பெயரை மட்டும் சொன்னால் அதில் எவ்வளவு சோடியம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.